தோளைத் தேடிய கை

வகுப்புப் படம் வந்த அன்று மதியம், அந்தக் கையை முதலில் பார்த்தவள் சப்பிதான்.

சப்பி என்பது அவளுடைய செல்லப் பெயர். கொழுகொழுவென்று இருந்ததால் அத்தை வைத்த ஆங்கிலப் பெயர். கூப்பிட்டால் பல்லெல்லாம் தெரிய ஓடி வருவாள்.

படத்தின் மூன்றாவது வரிசையில் அவளுடைய தோழி ஒல்லிக்குச்சி நின்றாள். அவள் நீட்டிய கை அந்தரத்தில் இருந்தது. விரல்கள் எதையோ பிடித்தாற்போல வளைந்திருந்தன. அங்கே எதுவுமே இல்லை. சற்றுத் தள்ளி, சப்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு பெண் நின்றாள். ஒட்டிய கன்னம், நீண்ட கழுத்து. சிரிப்பு மட்டும் சப்பியுடையது.

சப்பி படத்தைத் தோழியிடம் நீட்டினாள்.

ஒல்லிக்குச்சியின் முகம் வெளிறிப்போயிற்று. அப்பாவுக்கு மாற்றல் வந்து, மறுநாள் காலை அவர்கள் வேறு ஊருக்குப் போகிறார்கள். சப்பியின் நினைவாக இந்தப் படத்தைத்தான் எடுத்துப்போவதாக இருந்தாள்.

"அன்னிக்கு உன் தோள் மேலதானே கை போட்டேன்? இதுல நீயே இல்லையேடி."

வீட்டில் சப்பி அதைத் தம்பியிடம் காட்டினாள். மூன்று வயதுப் பயல் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே வந்தான். அந்தப் பெண்ணிடம் வந்ததும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு படத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு தலையணையையும் வைத்தான். ஏன் என்று கேட்டதற்கு, அந்த அக்கா தன்னையே பார்க்கிறாள் என்றான்.

சப்பி அழவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாக அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.

பின்னாலிருந்த ஜன்னல் கம்பிகள் எல்லாம் நேராக இருந்தன. அந்தப் பெண்ணின் இடுப்பருகே மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தன. பேயாக இருந்தால் கம்பியை எதற்கு வளைக்கும்? படம் வந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள். பென்சிலில் எழுதியிருந்தது: மூன்றாம் வரிசை, இரண்டாவது. சப்பி. சரிசெய்யவும்.

கறை, கிழிசல் என்று குறையை எழுதுவார்களே, அப்படி, குண்டு என்ற பொருளில் எழுதியிருந்தது அவள் பெயர். அவளுக்குச் சுருக்கென்றது.

அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போனாள். வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே சுவர் முழுக்க முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே மாதிரிக் கன்னம், ஒரே மாதிரித் தாடை. ஒவ்வொருவருக்கும் பின்னாலிருந்த திரையின் மடிப்புகள் உடம்பை ஒட்டி வளைந்திருந்தன. அத்தனை பேரும் அவளைப் பார்த்தே சிரித்தார்கள். திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஸ்டுடியோக்காரர் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் ஓர் ஒல்லி மாப்பிள்ளையின் படம். கண்கள் மட்டும் அவருடைய கண்கள். அங்கேயும் திரை வளைந்திருந்தது. சப்பி அதைக் கவனித்தாள். ஆனால் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வகுப்புப் படத்தை மேஜையில் வைத்து அந்தக் கையைக் காட்டினாள்.

"இவ நாளைக்கு ஊருக்குப் போறா அங்கிள். அவ கை வைக்க இடமே இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கன்னத்தைக் குறைத்தவர் கையை மறந்தே போயிருந்தார்.

"நீ அழகா தெரியணும்னுதாம்மா பண்ணேன்" என்றார் மெதுவாக.

"எனக்கு நான் மாதிரி தெரிஞ்சா போதும் அங்கிள். எங்க வீட்டுல சப்பிங்கறது என் பேரு."

 அவர் கணினிப் பக்கம் திரும்பி, முதலில் எடுத்த படத்தைத் தேடித் திறந்தார். திரையில் சப்பி வந்தாள். உருண்டைக் கன்னம், அகலமான தோள். அந்தத் தோளை ஒல்லிக்குச்சியின் கை இறுக்கிப் பிடித்திருந்தது. சப்பிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் காலை, வண்டியில் ஏற்றிய எந்தப் பெட்டியிலும் ஸ்டுடியோக்காரர் புதிதாக அச்சிட்டுத் தந்த படத்தை வைக்க ஒல்லிக்குச்சி சம்மதிக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"புது ஸ்கூல்ல இது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்று கேட்டாள் சப்பி.

"சொல்லவே வேணாம். பாத்தாலே தெரியும், என் ஃப்ரெண்டுன்னு."