அப்பாவின் பகல் தூக்கம்

ஜூலை 12, 2016, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். மயக்க மருந்து டாக்டர் அப்பாவிடம், "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "எல்லாரும் விடுற மாதிரிதாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே தெளிவாகும்.

காலையில் அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தார். ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவரை எங்கள் சுரங்கக் குடியிருப்பு பிளாக்கில் யாரும் எழுப்ப மாட்டார்கள். பிள்ளைகள்கூட வாசலில் கத்தாது. அம்மாவோ கட்டிலருகே உட்கார்ந்து, வழக்கம்போல் அவரை உலுக்கி உலுக்கி எழுப்பினார். அப்பாவின் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குத் துணையாக நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த வினோலியா அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ராத்திரி பூரா மைன்ஸ்ல ஒழைச்சிட்டு வந்த மனுஷன் அண்ணி! தூங்க வுடாம உலுக்கிக்கினே கீறீங்களே... எங்கண்ணன் இந்த வூட்ல ஒரு நாளாவது நிம்மதியா கண்ண மூடிச்சா?"

அம்மாவின் கண்கள் கலங்கின. அத்தை கேட்பது நியாயம் என்றே எனக்கும் பட்டது.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் என் பதிலைக் கேட்டு டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். அப்போது அம்மா எழுந்து நின்றார்.

"இல்லீங்க டாக்டர்... தூக்கத்துல இவருக்கு மூச்சு நின்னுடுதுங்க! உலுக்கினாத்தான் திரும்ப இழுக்குறாரு..."

"மேரி!" அப்பா அதட்டினார். "வெளிய சொல்லாதேன்னேன்ல? மைன்ஸ்ல மிஷின் ஓட்டுற வேலையிலேர்ந்து என்னை எறக்கிட்டாங்கன்னா?"

"எறக்கட்டுங்க! உங்க உசுரு மிஷினவிட கீழயா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. மயக்கத்துல தொண்டை இன்னும் தளர்ந்து அடைச்சுக்கும். தலைப்பக்கத்தை உயர்த்தி, மாஸ்க்ல ஆக்ஸிஜனை அழுத்திக் கொடுத்துட்டுத்தான் மூச்சுக்கு தொண்டையில குழாய் போடணும். நல்லா முழிச்சு, சொன்னதைச் செஞ்ச பிறகுதான் அதை எடுக்கணும். அப்புறம் தூங்கும்போதெல்லாம் மூச்சு அடைக்காம இருக்க, காத்தை அழுத்தித் தர்ற மாஸ்க் போட்டுக்கணும். இது தெரியாம குழாயைச் சீக்கிரம் எடுத்திருந்தா..."

கதவருகே நின்ற அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

மாலை வகுப்புக்கு நான் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். "என்னென்னமோ பேசிட்டேனே... ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணி?"

"நான்தான் சத்தியம் வாங்கினேன் வினோ" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. "அவமேல தப்பில்ல."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்பிடி உலுக்கணும்னு காட்டுங்க அண்ணி. இன்னிக்கி நா பாத்துக்குறேன். அந்தச் சாக்குல அண்ணன நாலு சாத்தும் சாத்திக்கிறேன்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். இப்போது என் அறையில் தூங்குகிறார். அம்மா இவ்வளவு ஆழ்ந்து தூங்கி நான் பார்த்ததில்லை.

நாளை: அப்பாவுக்கு மாஸ்க் அளவு பார்க்க நான் கூடப் போக வேண்டும். அம்மாவை எழுப்பக் கூடாது.