வாலைக் கவ்வாத வாய்

முந்தின நாள் சாயங்காலம் ஆவென்று பிளந்து வைத்துவிட்டுப் போன வாய், காலையில் பாதி மூடியிருந்தது.

"சனியனே!" என்று மரச்சிற்பி உளியை மேசைமேல் எறிந்தாள். நேற்றும் இதே கதைதான். நாளைக்கு இந்த டிராகன் பலகை மண்டபக் கதவுக்குப் போயாக வேண்டும். அந்தப் பழைய கதவிலிருந்த டிராகன் இற்றுப்போனதால்தான் அவளுக்கு இந்த வேலையே வந்தது. அந்தக் காலத்துச் சிற்பிகள் டிராகன் செதுக்கினால் வாலை அதன் வாயிலேயே கொடுத்துவிடுவார்கள். வெறும் வாய் இரை தேடும் என்று அந்தப் பக்கத்துச் சனங்கள் சொல்வார்களாம். சனங்களுக்கு வேறு வேலை இல்லை என்று இவள்தான் வாலைத் தனியே சுழற்றிவிட்டு, பல் தெரிய வாயைத் திறந்து வைத்தாள்.

எரிச்சலோடு மறுபடி தாடையைக் குடைந்தாள். சீவல் ஈரமாக வந்தது. மரவாசனைக்கு அடியிலிருந்து, நாள்பட மூடிக்கிடந்த பாத்திரத்தைத் திறந்தாற்போல ஒரு வாடை எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மாலைக்குள் வாய் மறுபடி சுருங்கிவிட்டது. அவளுக்கு அழுகையே வந்தது.

"உன்கிட்ட வாயத் திறக்க எனக்கே பயம், அது மட்டும் திறந்து வச்சிருக்குமா?" என்றான் கணவன். காலையில் சிராய் குத்திய அவன் கட்டைவிரலில் அவள் ஒட்டிவிட்ட பிளாஸ்டர் இருந்தது.

"வெறுப்பேத்தாதீங்க. முடிஞ்சா போய் ஒரு கட்டைய முட்டுக் கொடுத்துட்டு வாங்க."

"மரம் ஈரம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே பட்டறைக்குள் போனான்.

அவள் டீ போட்டாள். உள்ளே கட்டை விழும் சத்தம். அப்புறம் மடக்கென்று எதையோ விழுங்குவதுபோல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"என்னங்க?"

பட்டறையில் விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. வேறு வாசலும் இல்லை. முட்டுக்கட்டை தரையில் கிடந்தது, நனைந்து. டிராகனின் வாய், அவள் ஒருநாளும் செதுக்காத அளவுக்குத் திறந்திருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"இங்கதாம்மா."

பலகைக்குள்ளிருந்து.

அந்த வாய்க்குள் கையை விட்டாள். அவள் குடைந்தது ஒரு விரல் ஆழம்தான். முழங்கைவரை போனது. உள்ளே வெதுவெதுப்பு. ஒரு கை அவள் கையை இறுகப் பற்றியது. கட்டைவிரலில் பிளாஸ்டர்.

மேல்தாடை மெல்ல இறங்கியது. பல் தோலில் பட்டது. அவன் கையை விட்டால் தன் கையை எடுத்துவிடலாம்.

அவள் விடவில்லை.