யசிந்தா உள்ளே இருக்கட்டும்

கார்த்திகை மழை பிடித்தால் இலேசில் விடாது. அந்த மழைக்குள்தான் யசிந்தா தினமும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றாள்.

குற்றம் ஒன்றும் செய்யவில்லை. அவள் மாதாவைக் கும்பிடும் வேதக்காரப் பிள்ளை, அவ்வளவுதான். குருநகரில் தகப்பனைக் கடல் கொண்டுபோன பிறகு, தாய் லூர்த்தம்மா இணுவிலுக்கு வந்து ஆசுப்பத்திரியில் துணி தோய்க்கிறாள். பக்கத்தில் இருந்தது சைவப் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

வேறு சமயப் பிள்ளையை வழிபாட்டுக்கு வற்புறுத்தக் கூடாது என்பது வெள்ளைக்கார அரசாங்கத்தின் சட்டம். நமசிவாயச் சட்டம்பியார் அதை மீறாத வாத்தியார். பள்ளிக்கூடமோ ஒரேயொரு ஓலைக் கொட்டகை. “நாங்கள் தேவாரம் பாடி முடியுமட்டும் நீ வெளியிலை நில், பிள்ளை” என்றுவிட்டார். சட்டம் நனையவில்லை, பிள்ளைதான் நனைந்தாள்.

திருநீற்றுத் தட்டம் ஏந்துவதும், தேவாரத்தை எடுத்துக் கொடுப்பதும் பத்து வயது அருமைநாயகியின் வேலை. யசிந்தாவுக்குப் பக்கத்தில் இருப்பவளும் அவள்தான். சிநேகிதியின் உடம்பு அனலாய்க் கொதிப்பது அவளுக்குத் தெரியும்.

அன்று காலை மணி அடிக்குமுன் யசிந்தா அவள் கையைப் பிடித்தாள்.

“அருமை, எனக்கும் திருநீறு பூசிவிடு.”

“உனக்கென்ன விசரோ? கொம்மா அறிஞ்சால்?”

“வீட்டை போகமுன்னம் அழிச்சுப்போடுவன். ராத்திரி முழுக்க இருமல். இனியும் நனைஞ்சால் அம்மா பள்ளிக்கூடத்தாலை மறிச்சுப்போடுவா.”

அருமைநாயகி விரலில் திருநீற்றைத் தொட்டாள். யசிந்தா கண்களை இறுக மூடிக்கொண்டாள். “மாதாவே, என்னோடை கோவியாதேயும்” என்று முணுமுணுத்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ஐயோ! அருமைநாயகியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அழுகிறவளின் நெற்றியில் எப்படிப் பூசுவது? விரலைத் தட்டத்திலேயே உதறினாள்.

மணி அடித்தது. யசிந்தா தலைகுனிந்து வெளியே போனாள். “நனைஞ்ச கோழி போகுது!” என்று கெக்கட்டமிட்டுச் சிரித்தான் கடைசி வாங்கில் இருந்த தியாகராசா.

“அருமைநாயகி, தொடங்கு” என்றார் சட்டம்பியார்.

மேசையில் பிரம்பு கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்றாலும் வாய் திறந்தாள்.

“ஐயா, யசிந்தா எங்களோடை சேர்ந்து நிக்கக்கூடாதெண்டால், அவள் உள்ளை இருக்கட்டும். நாங்கள் எல்லாரும் வேப்பமரத்தடியிலை போய்ப் பாடுவம்.”

“அறிவிருக்கோ உனக்கு? இந்த மழைக்குள்ளையோ? பிள்ளையளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

  வெளியே யசிந்தா இருமினாள்.

சட்டம்பியார் பிரம்பை எடுத்தார். அருமைநாயகி கையை நீட்டினாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல, பிரம்பைத் திரும்பவும் வைத்துவிட்டு அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, உள்ளை வா.”

யசிந்தா அசையவில்லை. பற்கள் கிடுகிடுக்க, “திருநீறு பூசவேணுமோ, ஐயா?” என்று கேட்டாள்.

அவர் முகம் கறுத்தது.

“வேண்டாம். பாடவும் வேண்டாம். உன்ரை இடத்திலை வந்து இரு.” தோளில் கிடந்த சால்வையை எடுத்து நீட்டினார். “முதல்லை தலையைத் துடை.”

அருமைநாயகி தேவாரத்தை எடுத்தாள். யசிந்தா லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டேயிருந்தாள். பாட்டு நடுவில் பிசகியது. சட்டம்பியார் யாரையும் கண்டிக்கவில்லை.