எண்பது பாகம்

சத்தியநேசன் கம்பால் ஒரு விரற்கடைதான் தள்ளினான். குழாயிலிருந்து மண் ஒன்றரை விரற்கடை வெளியே வந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

குளச்சல் கடற்கரையில் ஆராய்ச்சிக் கப்பல்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த பழைய பண்டகசாலை அது. வெயில் பட்டால் மண் வெடித்துவிடும் என்று பகலிலும் சன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள். ஆடி மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருக்க, ஃபார்மலின் நெடியும் விளக்குப் புகையும் கலந்த அந்த மதிய இருட்டில் அவன் தனியாக இருந்தான். மேசையில் நீண்ட பித்தளைக் குழாய். அதற்குள், பாகத்துக்கு ஆறடிக் கணக்கில், ஆயிரத்தைந்நூறு பாக ஆழத்திலிருந்து வந்த கடலடி மண். பின்னாலிருந்து தள்ளி, முன்னால் வருவதை அறுத்து ஜாடிகளில் போடுவது அவன் வேலை. ஒரு விரற்கடை மண் படிய ஆயிரம் வருஷம் ஆகும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

இந்தக் குழாயை அவன் தொடாமலே ஐந்து மாதம் கடத்தியிருந்தான். மாசியில் இது கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் கப்பலில் கூலிக்கு வந்த மீனவன் ஆபேலின் கணுக்காலில் கம்பிவடம் சுற்றியது. வடத்தை விடும் உருளையின் பிரேக் சத்தியநேசனின் கையில் இருந்தது. குழாய் தரையைத் தொட இன்னும் எண்பது பாகம். நடுவில் நிறுத்தினால் அது மண்ணில் பாயாது, அன்றைய வேலை பாழ். ஆபேலின் ஆட்கள் தங்கள் வள்ளத்தில் என்றால் யோசிக்காமல் கத்தியால் வலைக்கயிற்றையே அறுத்திருப்பார்கள். சம்பளக்காரனான இவன் எண்பதும் ஓடட்டும் என்று விட்டான். வடம் ஆபேலைக் கடலுக்குள் இழுத்துப்போனது. வடத்தை மேலே சுற்றியபோது சுருக்கு மட்டும் வந்தது. அந்தப் பாவத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆபேலின் மனைவி செல்லபாய் வாரம் தவறாமல் வந்துவிடுவாள். இன்றும் சாத்திய கதவுக்கு வெளியே நின்று அதையே கேட்டாள்.

"அண்ணே, நீங்க பிரேக்கப் பிடிச்சியளா?"

"பிடிச்சேன் பிள்ளே. ஒடனே பிடிச்சேன்."

அவள் போகவில்லை. மழைக்கு இறவாரத்தில் ஒதுங்கினாள்.

அவன் அடுத்த துண்டை அறுத்தான். நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. புழு குடைந்ததாக இருக்கலாம். ஆனால் புழுக்கள் மேல்மண்ணோடு நின்றுவிடும். இது இருபதாயிரம் வருஷத்துக்குக் கீழே இருந்த மண். அடுத்த துண்டில் ஓட்டை நெல்மணி அளவு. அதற்கடுத்ததில் சுண்டுவிரல் நுழையும். எதுவோ அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்திருக்கிறது.

கம்பைக் கீழே வைத்தான்.

மண் நிற்கவில்லை. ஈரச் சத்தத்துடன் தானாக வந்தது. ஒரு விரற்கடை. இரண்டு. மேசையில் விழுந்தது. கதவைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும்.

ஓட்டையின் வாயில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. நகம். பிறகு விரல். ஊறிச் சுருங்கிய விரல். அதன் அடியில் பித்தளை மோதிரம். கல்யாணத்தன்று கோயிலில் செல்லபாய் ஆபேலுக்குப் போட்டுவிட்ட மோதிரம். விரல் காற்றைத் தடவியது. குருடனைப் போல, மெதுவாக.

வெளியே அவள் மறுபடி கேட்டாள்.

"அண்ணே, நெசமாட்டு பிடிச்சியளா?"

விரல் தடவுவதை நிறுத்தியது. மெல்ல வளைந்து சத்தியநேசனின் பக்கம் திரும்பி, அப்படியே நின்றது.