அம்மாவின் கல்லறையில் ஈரம்

மற்ற கல்லறைகளில் எல்லாம் மெழுகுவத்தி நின்று எரிந்தது. ரீனா ஏற்றியது மட்டும் எரியவில்லை.

கல்லறைத் திருநாள் சாயங்காலம். செவ்வந்தி வாசமும் உருகின மெழுகு வாசமும் கலந்து கிடந்த அந்தத் தோட்டத்தில் காற்று துளிகூட இல்லை. மறுபடி குச்சியை உரசினாள். தீப்பெட்டி செய்கிற சிவகாசியில் வாக்கப்பட்டவள் ஒரு திரியைக் கொளுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தால் ஊர் சிரிக்காதா? திரியைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது. கல்லைச் சுற்றி மண்ணும் சொதசொதவென்று இருந்தது. ஐப்பசி மழை ஏமாற்றிவிட்ட வருஷம் இது.

மலையில் கரண்டுக்காக அணை கட்டினபோது ரீனா பிறந்த ஊர் தண்ணிக்குள் போனது. அங்கே இருந்த கல்லறைகளைப் பெயர்த்து வேற இடத்தில் வைக்கிற காண்ட்ராக்டை எடுத்தவன் அவள் புருஷன் பெனிட்டோ. "அத்தைய என் கையாலயே தூக்கியாந்து இங்கன வச்சுட்டேன்" என்று அப்போது சொன்னான். அம்மா இளைப்புக்காரி, மூச்சை இழுத்து இழுத்துத்தான் விடுவாள். சாகும்போது, "ஊரு முழுகப்போகுதுன்னு பேசிக்கிறாக. என்னைய ஈரத்துல விட்டுறாத தாயி" என்று கையைப் பிடித்துக் கேட்டவள். அந்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில்தான் ரீனா நிம்மதியாகத் தூங்கினாள்.

"மண்ணு ஏன் ஈரமா இருக்கு?"

"எவனாச்சும் பூவுக்குத் தண்ணி தெளிச்சிருப்பான்." வண்டியைக் கிளப்பிக்கொண்டே பெனிட்டோ சொன்னான். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனுக்கு வராது, பாவி மனுஷனுக்கு.

வீட்டில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அணை வந்தபிறகு கரண்ட் போவதே இல்லை. காண்ட்ராக்ட் காசில் வாங்கின அச்சு மெஷின் காலண்டர் சீசனில் நிற்காமல் ஓடுகிறது. "உங்க ஊரு முழுகலைன்னா இம்புட்டுப் பேருக்குச் சோறு ஏது?" என்பான். அது பொய்யில்லை. அதனாலேயே இத்தனை நாள் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

கதவைத் திறந்ததும் பாசி நாற்றம் குப்பென்று அடித்தது. குழாயில் தண்ணி வராத நாள். ஆனாலும் எங்கேயோ சொட்டியது. வாசலிலிருந்து உள்ளறைக் கட்டில்வரை ஈரக் கால்தடம். போனது மட்டும்தான், திரும்பினது இல்லை.

பெனிட்டோ அதைக் கவனிக்கவே இல்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

"எங்கம்மாவ எடுத்தீகளா, இல்லையா?"

"எடுத்தேன். மாதா மேல சத்தியமா."

தலைக்குமேல் ட்யூப் லைட்டில் ஒரு முனையிலிருந்து கலங்கல் தண்ணி ஏறியது. எரிந்துகொண்டே ஏறியது.

அவன் அண்ணாந்து பார்த்தான்.

"மதகை அடைச்சுட்டாக புள்ள. தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு. கல்லை மட்டும்..."

"அய்யோ! அம்மாவத் தண்ணிக்குள்ளயா விட்டுட்டு வந்தீக?"

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஃபேன் நின்றது. அடுத்த வீட்டு டிவி மட்டும் கேட்டது.

விளக்கு அணையவில்லை.

பிறகு அந்தச் சத்தம். சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகின சத்தம். இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு.

"ரீனா," என்றான் பெனிட்டோ. வாயோரம் தண்ணி வழிந்தது. "முதுகெல்லாம் குளிருது. பின்னாடி யாரு?"

ரீனா பார்த்தாள்.

அடக்கத்தன்று உடுத்திவிட்ட வெள்ளைச் சேலை. விரலில் சுற்றின ஜெபமாலை. காய்ந்த இடம் தேடி வந்த அம்மா, அவன் முதுகோடு ஒட்டிச் சாய்ந்து, இரண்டு கையாலும் அவனை இறுக்கிக்கொண்டிருந்தாள்.