காய்ச்சல் இல்லை

மூன்றாவது நாளாக எறும்புகள் சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பூங்கொடி பொடி தூவிப் பார்த்தாள். அவை பொடியைச் சுற்றிக்கொண்டு போயின.

கட்டிலில் அவள் கணவன் சுடலைமுத்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். ஓசூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் அச்சுப்பெட்டி விழுந்து இடது கால் நசுங்கி, கிருமி ரத்தத்தில் ஏறி, ஆஸ்பத்திரியே கைவிட்ட ஆள்.

டாக்டர் அன்று பொறுமையாகத்தான் விளக்கினார். கிருமியைக் கண்டதும் கூச்சல் போடும் காவல்காரர்கள் உடம்புக்குள் இருக்கிறார்களாம். காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் அந்தக் கூச்சல்தானாம். அது எல்லை மீறினால் ஆளையே கொன்றுவிடுமாம். புது ஊசி அவர்கள் வாயைக் கட்டிவிடும். சோதனை மருந்து, வாரம் ஒன்று, இலவசம். பூங்கொடி கையெழுத்துப் போட்டாள். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. டாக்டர் காலில் விழாத குறை.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் தில்ஷாத் ஓர் அட்டை கொடுத்தாள். தினமும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். இருபது நாளாக ஒரே எண்தான். ஊசிக்குப் போகும் திங்கட்கிழமைதோறும் டாக்டர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டுவார். காலைப் பார்த்ததில்லை.

நாற்றம் வந்தபோது பூங்கொடி முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ரோஜாப் பண்ணையில் அழுகிய பூ பொறுக்கும் கை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், துணியை ஊறவைத்தாள், கட்டிலுக்கடியில் எலி செத்திருக்கிறதா என்று குனிந்து தேடினாள். அது இனிப்பாக, ஈரமாக, சோற்றிலும் தலையணையிலும் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஈ வந்தது. நேற்றிலிருந்து ஒரு தெருநாய் வாசலில் உட்கார்ந்து அவனையே பார்க்கிறது.

பயந்துபோய்த் தெருமுனை ஒரு ரூபாய் போனில் தில்ஷாத்தைக் கூப்பிட்டாள்.

"காய்ச்சல் இருக்குதாக்கா?"

இல்லை என்றாள்.

"அப்புறம் என்னத்துக்குப் பயப்படறீங்க? திங்கக்கிழமை வந்தா போதும்."

இன்று மதியம் கால் கழுவிவிட வெந்நீர் வைத்தாள். தெர்மாமீட்டரை அவன் வாயில் வைத்துவிட்டு, குளிருக்காக ஐந்து நாளாகக் கழற்றாத கம்பளி சாக்ஸைப் பிடித்து இழுத்தாள்.

சுலபமாக வந்தது.

கனமாக வந்தது.

உள்ளே விரல்கள். ஐந்தும்.

ரத்தமில்லை. சீழ்கூட இல்லை. கால் நுனியில் வெள்ளையாக எலும்பு. அதன்மேல் எறும்புகள்.

அவள் சாக்ஸைக் கீழே போட்டாள்.

சுடலைமுத்து தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. எழுதிக்கோ ஏட்டி. அப்படியே இந்தக் காலையும் கழுவிவிடு."

அடிபடாத வலது காலை அவள் மடியில் தூக்கி வைத்தான். அந்தச் சாக்ஸின் நுனியிலும் எறும்புகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.