வாளி சொன்ன பொய்

டம்! டம்! டம்!

இரும்புக் கதவு அதிர்ந்தது. அரேலி ஓடிப்போய்த் திறந்தாள். பக்கத்து வீட்டுத் தோன்யா செலோ கையில் செருப்போடு நின்றார். இவ்வளவு நேரம் அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறார்.

"எங்கடி உங்கப்பா? என் சுவர் முழுக்க ஈரம்! வலைத்தூளி பின்ன வச்சிருந்த நூலெல்லாம் பூசணம் பூத்துப்போச்சு. உங்க நீச்சல் குளம் ஒழுகுது!"

அப்பா ரெமிஹியோ சிரித்தபடி வந்தார். "ஒழுகலை தோன்யா. நேத்தே சோதிச்சாச்சு. வந்து பாருங்க."

குளத்துப் படியில், தண்ணீருக்குள் ஒரு வாளி நின்றது. அதில் குழாய் நீர். வாளிக்குள் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு.

"ரெண்டுமே ரெண்டு விரல் இறங்கியிருக்கு. ஒழுகினா குளம் மட்டும் கூடுதலா இறங்கியிருக்கணுமே? எல்லாம் நம்ம மெரிதா ஊர் வெயில் குடிச்சது."

"அப்போ என் சுவருக்கு என்ன, வேர்க்குதா? இனிமே எங்க நிக்தே உங்க வாசப்படி மிதிக்க மாட்டா!"

தோன்யா செலோவின் பேத்தி நிக்தே, அரேலியின் உயிர்த்தோழி. விடுமுறை இப்போதுதான் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை அவள் குளத்தோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சளக், சளக், சளக்!

நாய் புல்கா படியில் இறங்கி, வாளிக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. மருந்து வாசமடிக்கும் குளத்து நீரை அது மோந்துகூடப் பார்க்கவில்லை.

வாளித் தண்ணீரை வெயில் மட்டும் குடிக்கவில்லை! அப்படியானால் குளம் ஒழுகத்தான் செய்கிறது.

சொன்னால் குளத்தைக் காலி செய்துவிடுவார்கள். விடுமுறை முழுக்க நீச்சல் கிடையாது. அரேலி கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். பிறகு, "அப்பா!" என்று கத்தினாள்.

புல்காவைக் கட்டிப்போட்டுவிட்டு மறுபடி கோடு போட்டார்கள். அடுத்த நாள் வாளியில் ஒரு விரல்தான் இறங்கியிருந்தது. குளத்திலோ இரண்டு விரல்!

"சரி, ஓட்டை எங்கேன்னு தேடுறது?" அப்பா தலையைச் சொறிந்தார்.

"ஓட்டை தண்ணியை உறிஞ்சுமில்ல? நிறமா ஏதாவது விட்டா தெரியும்பா. தண்ணி அசையக் கூடாது, மோட்டாரை நிறுத்துங்க."

சாஸ் பாட்டிலில் அரிசிப்பாலை நிரப்பிக்கொண்டு அரேலி குளத்தில் இறங்கினாள்.

"ஏய், அது நான் குடிக்க வச்சிருந்தது!"

அவள் மூச்சடக்கி முங்கி, சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். எல்லா இடத்திலும் அது வெள்ளைப் புகையாக மிதந்தது. குளத்து விளக்கருகே மட்டும் நூல்போல் இழுபட்டு, விளிம்புக்குள் மறைந்தது.

"அடேங்கப்பா!" அப்பா கைதட்டினார். பிறகு தானே போய்த் தோன்யா செலோவை அழைத்து வந்தார்.

"மன்னிச்சிடுங்க தோன்யா. ஒழுகுறது என் குளம்தான். நூலுக்கு நான் பொறுப்பு. கண்டுபிடிச்சதெல்லாம் என் பொண்ணு!"

தோன்யா செலோ அரேலியை வியப்போடு பார்த்தார். "நீ பேசாம இருந்திருந்தா லீவு முழுக்க நீந்தியிருக்கலாமேடி?"

அரேலி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"நிக்தே இல்லாம நான் யாரைத் தண்ணியில தள்ளிவிடுறது?"